அம்மப்பாவின் அம்பாப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நான் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியை. வரும் பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவுக்கு, தேசிய ஒருமைப்பாட்டைக் காட்டும் கிராமியப் பாடல் ஒன்று தரும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள். கரைவலை இழுத்த என் அம்மப்பா, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பிள்ளைகளுக்குப் பழக்கினேன். அதில் இப்படி வரும்:

சூடை பட்டா சோத்துக்காகும் – ஏலேலோ
பாரை பட்டா காசுக்காகும் – ஏலேலோ
பாரை எல்லாம் சம்மாட்டிக்கு – ஏலேலோ
பாதிச் சூடை எங்களுக்கு – ஏலேலோ

ஒத்திகை பார்க்க வந்த அதிகாரி, "கடைசி இரண்டு அடியும் அரசியல் மாதிரி இருக்கு. அதை எடுத்துவிட்டு நாட்டை வாழ்த்தி இரண்டு அடி போடுங்கோ" என்றார். மாமாவோ, "அது எங்கட பாட்டு பிள்ளை. அதை ஏன் அவங்கட மேடைக்குக் கொண்டுபோறாய்?" என்று கோபிக்கிறார். தம்பியும் அவன் சிநேகிதர்களும் அதே மெட்டில், இயந்திரத்தால் இழுக்கும் வின்ச் வலைக்கு எதிராகப் புது அடிகள் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் அதையும் பாட வேண்டும் என்கிறார்கள். போதாததற்கு, கிண்ணியாவிலிருந்து வந்து படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், இதே மெட்டு தங்கள் ஊரிலும் உண்டு, அங்கே 'சம்மாட்டி' வரும் இடத்தில் 'முதலாளி' என்று வரும் என்கிறார். இந்தப் பாட்டு யாருடையது? நான் என்ன செய்ய?

பதில்: அன்புள்ள தங்கச்சி,

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை அந்த நாலு அடியையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உங்கள் அம்மப்பாவின் மெட்டு எனக்குத் தெரியாது. ஆனாலும் கயிறு கைமாறும் ஓட்டம் அந்த அடிகளுக்குள்ளேயே இருக்கிறது. நாட்டார் இசையைத் தேடிக் கரையெல்லாம் அலைந்தவன் என்ற முறையில், உங்கள் கையில் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி எடுக்கச் சொன்ன இரண்டு அடியையும் எடுக்காதீர்கள். பாட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. முதல் இரண்டு அடி மீன் விபரம். சூடை கறிக்கு, பாரை விலைக்கு என்பது கடலோரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாடுகிற ஆள் யார், அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது அடுத்த இரண்டு அடியில்தான் தெரிகிறது. வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. கயிறு இழுப்பவருக்குப் பங்கு. விலைபோகிற மீன் ஒரு பக்கமும் கறிமீன் மறுபக்கமும் போவதை, விடியமுதல் இழுத்த மனிதன், கயிற்றைப் பிடித்தபடியே சம்மாட்டியின் காதுபடச் சொல்கிறான். தனியே போய்ச் சொன்னால் நாளைக்கு வலைக்குக் கூப்பிட மாட்டார்கள். பாட்டில் சொன்னால் சொன்னது இருபது பேர். யாரைப் பிடித்து விலக்குவது?

ஆகவே அதிகாரி சொன்னதில் ஒன்று சரி. அது அரசியல்தான். அவர் வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது.

நான் இதைப் படித்த இடம் கரை. இளவயதில் ஒரு டேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போனேன். மீனவர் கரையில் போடும் வாடியின் நிழலில் நாலு பெரியவர்களை இருத்தி, அம்பா பாடுங்கோ ஐயா என்று கேட்டேன். மூன்று அடி பாடினார்கள், அப்புறம் நின்றுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கயிறு கையில இருந்தாத்தான் தம்பி வரும்" என்றார் ஒருவர். மறுநாள் விடிய வரச் சொன்னார்கள். போனேன். தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்தது. இரண்டு கயிற்றுக்கும் இரண்டு கூட்டம், ஒன்றுக்கொன்று நல்ல தூரத்தில். முன்பாட்டுக்காரர் ஓர் அடி சொல்வார். அந்த நேரம் எல்லோரும் மூச்சு வாங்கிக் கயிற்றில் கையை மாற்றிப் பிடிப்பார்கள். 'ஏலேலோ' என்று கூட்டம் திருப்பிச் சொல்லும்போது குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்வார்கள். அந்த ஒரு சொல்லில்தான் வலை நகர்கிறது. வலையின் மடி கரையை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வரும், பாட்டும் வேகம் பிடிக்கும், அடிகள் சுருங்கும், கடைசியில் சொல்லே இல்லாமல் வெறும் ஓசைதான் மிஞ்சும். முந்தின நாள் மூன்று அடியில் மறந்துபோன மனிதர் அன்றைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பாடினார். பாரை போன கணக்கு, கடனுக்கு அரிசி தந்த கடைக்காரன், மகளுக்குத் தோடு வாங்காத கதை எல்லாம் வந்தது. சம்மாட்டி பத்தடி தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் வலை வராது.

'நாட்டை வாழ்த்தி இரண்டு அடி' என்று கேட்டதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைப் பாட்டில் அரசனை வாழ்த்துவது தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் பெண்கள் அம்மானை ஆடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள், ஊஞ்சல் ஆடுகிறார்கள், உலக்கை போட்டு நெல் குற்றுகிறார்கள். வள்ளை என்ற அந்த உலக்கைப் பாட்டில் சோழனும் பாண்டியனும் சேரனும் ஆளுக்கொரு பாட்டில் வருகிறார்கள். நாட்டார் மெட்டும் ஆட்சியும் ஒன்றையொன்று தொடாமல் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. ஆனால் அங்கே உலக்கை உலக்கையாகவே இருக்கிறது. உங்கள் அதிகாரி கேட்பதில் கயிறு காணாமல் போகிறது. இழுத்தவனின் பங்குக் கணக்கு இருந்த இடத்தில் வாழ்த்து வந்து குந்திவிடுகிறது. எனக்கு வருத்தம் அதில்தான்.

ஒரு பாட்டு 'தேசியப் பாட்டு' ஆகிற வழி பெரும்பாலும் இதுதான். எங்கேயோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வேலையோடு பிறக்கிறது. படித்தவர் ஒருவர் அதைக் கேட்டு மயங்குகிறார். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் முறைப்பாடும் உதிர்ந்து, மெட்டு மட்டும் மேடைக்கு வருகிறது. சில வேளை அதில் பெரிய நன்மையும் விளைந்திருக்கிறது. வங்காளத்தில் தபால் கொண்டுபோகும் வேலை பார்த்த ககன் ஹர்கரா என்ற, பாவுல் எனும் நாடோடிப் பாட்டு மரபைச் சேர்ந்த பாடகரின் மெட்டை எடுத்துத்தான் தாகூர் 1905இல், வங்கப் பிரிவினைக் காலத்தில், தன் பாட்டைக் கட்டினார். இன்று அது பங்களாதேஷின் தேசிய கீதம். தாகூரின் சாந்திநிகேதனில் படித்துவிட்டு வந்த ஆனந்த சமரக்கோன்தான் நம் நாட்டுத் தேசிய கீதத்தை இயற்றியவர். அது ஏற்கப்பட்டது 1951இல். பத்து வருடம் கழித்து, முதலடி நாட்டுக்கு ராசியில்லை என்று சொல்லி, அவர் எதிர்க்க எதிர்க்க அந்த அடியை மாற்றினார்கள். 1962இல் அவர் இறந்துபோனார். "இரண்டு அடியைத்தானே மாற்றச் சொல்கிறோம்" என்று யாராவது சொன்னால் எனக்கு இவருடைய நினைவுதான் வரும்.

அதே காலத்தில் இலங்கை வானொலியில் நடந்ததும் உங்களுக்கு உதவும். 1952இல் பாடகர்களைத் தரம் பிரிக்க லக்னோவிலிருந்து இசை அறிஞர் ரத்தன்ஜன்கரை அழைத்தார்கள். அந்த நேரம் சிங்களத்தில் மிகப் பெயர் பெற்றிருந்த சுனில் சாந்த, அவரும் லக்னோவில் படித்தவர்தான், தேர்வுக்குப் போக மறுத்தார். நம் மண்ணின் இசை எப்படி இருக்க வேண்டும் என்பதை வெளியிலிருந்து வருகிற ஒருவர் தீர்மானிப்பதா என்பது அவர் வழக்கு. வானொலிக் கதவு பல வருடம் அவருக்கு அடைபட்டது. சிங்கள இசைக்குள்ளேயே 'எது எங்கள் இசை' என்ற சண்டை இப்படி ஓடியிருக்கிறது. மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். மற்றப் பக்கம் ஒரே குரலில் நிற்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கேயும் பாட்டைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

மாமாவைப் பற்றிச் சொல்வதற்கு முன் இன்னொரு கதை. 1956 என்றால் நமக்கு எல்லாம் தனிச் சிங்களச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அதே வருடம் நவம்பர் 3ஆம் தேதி கொழும்பில் எதிரிவீர சரத்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகம் தன் அடையாளத்தைக் கண்டுகொண்ட நாள் என்று இன்றைக்கும் அதைக் கொண்டாடுகிறார்கள். அதற்கு அவர் எடுத்த வடிவம் 'நாடகம'. சொல்லே எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கத்தோலிக்கக் கரையோர ஊர்கள் வழியாகத் தமிழ்க் கூத்து சிங்களத்துக்குப் போய் ஆன வடிவம் அது. சரத்சந்திர இதை மறைக்கவில்லை, ஆராய்ந்து எழுதியே வைத்தார். பிறகு, சரத்சந்திர படிப்பித்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், நம்முடைய கூத்தைத் தேடி மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் போனார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று 1960களில் மேடையேற்றினார். விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. ஈழத் தமிழரின் அடையாளம் என்று நாம் இன்றைக்குக் கூத்தை மார்தட்டிச் சொல்வதற்குப் பின்னால் அந்த முயற்சி இருக்கிறது. அந்த முயற்சிக்குப் பின்னால் ஒரு சிங்கள நாடகம் கொடுத்த உந்துதல் இருக்கிறது. அந்தச் சிங்கள நாடகத்துக்குப் பின்னால் தமிழ்க் கூத்து இருக்கிறது. இதில் எங்கே கோடு கிழிப்பது?

சரி, மாமா. அவர் கோபம் எனக்கு விளங்குகிறது. நீங்களும் அதை இலேசாக எடுக்காதீர்கள். 2016இல் சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது நம் வீடுகளில் கண் கலங்கியவர்கள் எத்தனை பேர்! 2020இல் அது விழாவில் இல்லை. சொந்த மொழியில் கீதம் பாட அப்போது விடாத மேடை, கிராமியப் பாட்டைத் தமிழில் கேட்டால், "அலங்காரத்துக்கு மட்டும் நாங்கள் வேணுமோ" என்று ஒரு பெரியவர் கேட்கத்தான் செய்வார். மூதூரிலும் சம்பூரிலும் ஊர்விட்டுப் போய், கொட்டிலில் வருடக்கணக்காக இருந்து திரும்பியவர்களுக்கு எஞ்சிய உடைமை சில வேளை பாட்டு மட்டும்தான். அதையும் கேட்டால் கை இறுகும்.

ஆனாலும் மாமாவின் 'எங்கட' என்ற சொல்லை அந்தப் பாட்டோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சம்மாட்டி யார்? நம் ஆள். நம் ஊர், நம் மொழி, ஒருவேளை நம் சொந்தக்காரர். பாட்டின் முறைப்பாடு வீட்டுக்குள்ளே உள்ள ஒருவரைப் பற்றியது. இனத்தின் பாட்டு என்று உயர்த்தி வைத்து அந்த அடியை நாமே மெல்ல மறந்துவிடும் ஆபத்தும் உண்டு. அதிகாரி எடுக்கச் சொன்ன அடியை நம் பெருமையும் எடுத்துவிடக்கூடும். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலய நுழைவுக்காகப் போராட்டம் நடந்தது. அதை ஒட்டி என்.கே. ரகுநாதன் எழுதிய 'கந்தன் கருணை' கூத்து வடிவில் மேடையேறியது. கோயில் வாசலில் மறிக்கப்பட்ட மனிதரின் கேள்வி, நம் கூத்து வடிவிலேயே நம்மைப் பார்த்துக் கேட்கப்பட்டது. கூத்தின் மிகப் பெரிய அரசியல் அதுதான் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் கிண்ணியா. பாலம் வருவதற்கு முன்னால் 'பாதை' என்ற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். நீரைக் கடந்ததும் பாட்டு மாறிவிடுமா என்ன? அங்கே 'முதலாளி', இங்கே 'சம்மாட்டி'. எந்தப் பக்கம் முதலில் பாடியது என்று கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். வயலில் முஸ்லிம் பெண்கள் கட்டிய கவியும் நம் பெண்கள் கட்டிய கவியும் பக்கத்துப் பக்கத்து வரம்பில் வளர்ந்தவை. சோளகக் காலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பக்கமிருந்து வந்து வாடி போடும் சிங்கள மீனவரும் அந்தக் குடிசையை 'வாடி' என்றுதான் சொல்கிறார்கள். நம் கண்ணகைக்கு எடுக்கும் கொம்புமுறியும் சிங்களக் கிராமத்தில் பத்தினிக்கு எடுக்கும் அங்கெலியவும் ஒரே விளையாட்டு. பாலையூற்றுப் பறங்கியரின் போர்த்துக்கேய ஆட்டப் பாட்டுத் தாளம் பைலாவாக நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் பாட்டு தேடிப் போன எவரும் ஒரு சமூகத்தின் பாட்டோடு மட்டும் திரும்பி வந்ததில்லை.

ஹங்கேரியில் பேலா பார்டோக் என்ற இசை மேதைக்கும் இதுதான் நடந்தது. 1906 அளவில் தோழர் கொடாயோடு ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். சுத்தமான ஹங்கேரியப் பாட்டைக் கண்டுபிடிக்கப் போனவர் ஸ்லோவாக்கியப் பாட்டும் ருமேனியப் பாட்டும் அள்ளிக்கொண்டு வந்தார். ருமேனிய இசையைப் பற்றி எழுதியதற்காக 1920இல் சொந்த நாட்டிலேயே தேசபக்தி இல்லாதவர் என்று ஏச்சு வாங்கினார். அவர் அசையவில்லை. மெட்டுகள் எல்லை தாண்டிப் போய் வருவதால்தான் கிராமத்து இசை இவ்வளவு செழித்தது என்று 1942இல் எழுதினார். ஐரோப்பாவில் இனத் தூய்மையின் பெயரால் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த நேரம் அது. நாட்டார் இசையைச் சேகரிக்கிற எவருக்கும் இதைவிடப் பெரிய முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பாட்டு யாருடையது என்ற கேள்விக்கு என் பதில் இது: அந்த வேலையைச் செய்தவர்களுடையது. மூதூரில் இழுத்தவருக்கு மூதூர் அடி, கிண்ணியாவில் இழுத்தவருக்குக் கிண்ணியா அடி. சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தில் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி கொடுக்கும் உரிமையை அது அரசு தீர்மானிக்கும் அதிகாரியிடம் வைக்கிறது. கயிறு இழுத்த ஊருக்கு அதில் குரல் இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய அனுமதி அம்மப்பாவிடம். அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதிகாரி பேசுகிறார், மாமா பேசுகிறார், தம்பி பேசுகிறான். பாடிய மனிதர் ஒரு சொல்லும் பேசவில்லை.

இந்த விஷயத்தில் நான் ஒரு பிழை செய்தவன். பல வருடங்களுக்கு முன், ஒரு விழாவுக்காகக் கிழவர் ஒருவரின் பாட்டை வாங்கி, நீளம் என்று நாலு அடி குறைத்து, வீணையும் மிருதங்கமும் சேர்த்து, ஆதி தாளத்தில் போட்டு, பிள்ளைகளைக் கொண்டு பாடவைத்தேன். கைதட்டல் நின்று ஓய நேரமெடுத்தது. கிழவரை நாலாம் வரிசையில் இருத்தியிருந்தோம். முடிந்ததும் அவரிடம் ஓடினேன். "நல்லாயிருக்குத் தம்பி" என்றார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஆர்ட பாட்டு இது?" என்று கேட்டார். அவர் கேலி பண்ணவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. மூச்சு வாங்கும் இடத்தைத் தாளம் அடைத்துவிட்டது. அவருடைய கடன்காரனை நான் வெட்டிவிட்டேன். மிச்சம் இருந்ததில் அவருக்கு அடையாளம் காண ஒன்றுமில்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

தம்பியின் புது அடிகளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதி அனுப்பியது:

வின்ச்சு வந்து கயிறிழுக்க – ஏலேலோ
வெறுங்கையோட நாங்க நிக்க – ஏலேலோ

நல்ல அடி. நான் எழுந்து நின்றுவிட்டேன். உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுத்தால் இருபது பேரின் வேலை போகிறது. வேலையோடு பாட்டும் போகிறது. வின்ச்சுக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை, ஆகவே ஏலேலோவும் தேவையில்லை. அம்பா அழிவதைப் பற்றி அம்பாவிலேயே பாடியிருக்கிறான் அந்தப் பிள்ளை. புது அடி கட்டுவது மரபை மீறுவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்பா கட்டிய ஒவ்வொருவரும் அன்றன்றைக்குப் பட்டதைத்தான் கட்டினார்கள்.

ஆனால் அதைப் பாடசாலைப் பிள்ளைகளின் வாயில் வைக்காதீர்கள். பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்வியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மேடையில் நின்று கேட்டால், பின்னால் வருகிற விசாரிப்பும் அந்தப் பிள்ளைக்கும் உங்களுக்கும்தான் வரும். தம்பியும் சிநேகிதர்களும் தாங்களே கரையில், மீனவர் சங்கக் கூட்டத்தில், கோயில் திருவிழாவில் பாடட்டும். தங்கள் பெயரில் பாடட்டும். இன்னொன்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்: 1980களிலிருந்து நம் நாட்டார் மெட்டுகள் பல போராட்ட எழுச்சிப் பாடல்களாக மாறின. அந்த மெட்டைக் கேட்டாலே இன்னமும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழல் நம் இளம் பிள்ளைகளின் கைபேசிவரை நீண்டதை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் பாடுவது தொழில் பற்றிய பாட்டு. அது தொழில் பற்றிய பாட்டாகவே கேட்கும்படி, ஊர்ப் பெயரும் வலையின் பெயரும் வின்ச்சும் பங்கும் சொல்லில் தெளிவாக இருக்கட்டும். பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. சொல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ, அதைத் திரித்து வாசிப்பது அவ்வளவு கடினம்.

இனி விழா. அம்மப்பா சம்மதித்தால் போங்கள். அவர் வேண்டாம் என்றால் வேறு பாட்டு எடுங்கள். அதில் பேச்சுக்கே இடமில்லை. போவதானால் நாலு அடியும் போகட்டும். அதிகாரியோடு வாக்குவாதம் வேண்டாம். "ஐயா, இது கரைவலைப் பாட்டு. வலைச் சொந்தக்காரருக்கும் இழுப்பவருக்கும் இடையிலான பங்கைச் சொல்கிறது. எல்லாக் கரையிலும் இப்படித்தான் பாடுவார்கள். இந்த அடி இல்லாவிட்டால் இது பழைய பாட்டு இல்லை, நான் எழுதிய பாட்டு ஆகிவிடும், கிராமியப் பாட்டு என்று அறிவிக்க முடியாது" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். இதற்கு இணங்கும் அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். இணங்காவிட்டால் கும்மியோ கோலாட்டமோ கொடுத்துவிட்டு அம்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அது ஒரு வருடம் பொறுக்கும்.

கிண்ணியா ஆசிரியரையும் அழையுங்கள். இரண்டு பாட்டையும் கலந்து ஒன்றாக்க வேண்டாம். இங்கே ஒரு கூட்டம், அங்கே ஒரு கூட்டம், கரைவலைக்கு நிற்பது மாதிரியே இரண்டு கயிறு. ஒரு பக்கம் சம்மாட்டி, மறுபக்கம் முதலாளி. கடைசியில் இரண்டும் கிட்ட வரட்டும். ஒருமைப்பாடு காட்டச் சிங்களத்தில் இரண்டு அடி ஒட்டச் சொல்லிக் கேட்டால், நம் பிள்ளைகளைக் கொண்டு சொல் தெரியாமல் பாடவைக்காதீர்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் தாத்தாமாரிடம் கேட்டுத் தங்கள் பாட்டைக் கொண்டுவரட்டும். ஆர்மோனியம், தபேலா ஒன்றும் வேண்டாம். ஒரு பழைய டயரில் மண்மூட்டை இரண்டைக் கட்டி, விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளை உண்மையாகவே இழுக்கவிட்டுப் பழக்குங்கள். மூச்சு எங்கே வாங்குவது என்று கயிறே சொல்லிக்கொடுக்கும். அறிவிப்பில் அம்மப்பாவின் பெயரும் ஊரும் வரட்டும். அவரை முதல் வரிசையில்கூட இருத்தாதீர்கள். மேடையில், கயிற்றின் தலைப்பில் நிற்கட்டும். முன்பாட்டு அவருடையது.

இப்போது வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, கரைவலை இராது. ஆகவே விழாவுக்கு முன் கரையில் பதிவு செய்ய முடியாது. பங்குனி, சித்திரையில் கடல் அமரும். அப்போது அம்மப்பாவைக் கூட்டிக்கொண்டு விடிய முன்னமே கரைக்குப் போங்கள். கைபேசி போதும்; காற்றுக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். முதல் தோணி இறங்குவதிலிருந்து மடி கரைக்கு வரும்வரை நிறுத்தாமல் பதியுங்கள். யார் பாடினார், யாரிடம் பழகினார், எந்தக் கரை, எந்தத் தேதி என்று பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று பாடசாலைக்கு. மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் சில அடிகள் தெரிந்திருக்கும், கேட்டால் இல்லை என்பார், கயிற்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

முடிந்தால் ஒரு பிரதியை எனக்கும் அனுப்புங்கள். கிண்ணியாவில் 'பாரை எல்லாம் முதலாளிக்கு' என்ற அடிக்கு அடுத்து என்ன வருகிறது என்று அந்த ஆசிரியரிடம் கேட்டு எழுதுங்கள். அங்கேயும் பாதிச் சூடைதானா, அல்லது அதற்கும் குறைவா என்று அறிய ஆசையாக இருக்கிறது.